லட்டு சாப்பிடக் கூடாத லட்டு!

நான் ஒரு குற்றவாளி. இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்க வேண்டும்.

போலீஸ், கோர்ட் என்று பயந்துவிடாதீர்கள். குற்றம் நடந்த இடம், இங்கிலாந்தில் லெஸ்டர் என்கிற ஊரில் என் பெண் வீட்டு ஹால். வருஷம் 2018. பாதிக்கப்பட்டவர், கால் கிலோகூட எடை இல்லாத ஒரு ஜீவன். பெயர் லட்டு. ஆயுதம், உலர்ந்த திராட்சை. தினம் மூன்று. என் மனசு இளகின நாட்களில் நான்கு.

‘திராட்சை கொடுத்தது ஒரு குற்றமா? புண்ணியம் இல்லையோ!’ என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். லட்டுவின் இரண்டு கண்ணிலும் பால் ஊற்றின மாதிரி வெள்ளை படர்கிற வரைக்கும்.

இப்போது நம் பிள்ளைகளும் பெண்களும் லண்டன், பிராங்க்பர்ட் என்று எங்கெங்கோ குடித்தனம் செய்கிறார்கள். பேரக் குழந்தைகள் போனில், ‘பாட்டி, எனக்கு ஒரு டெகு வாங்கித் தரச் சொல்லேன்’ என்று சிபாரிசுக்கு வருகிறார்கள். நாமும், ‘குழந்தை ஆசைப்படுதே, வாங்கிக் கொடுங்களேன்’ என்று இங்கிருந்தே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். அப்படித் தீர்ப்பு சொன்னவள்தான் நானும். அதனால்தான் சொல்கிறேன்... கொஞ்சம் பொறுங்கள். முதலில் வீடு தயாரா என்று கேளுங்கள். வீடு என்றால் கூண்டு இல்லை. வீட்டில் இருக்கிற மனுஷர்கள்.

டெகு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பார்த்தால் எலி மாதிரியும் இருக்கும், அணில் மாதிரியும் இருக்கும். ஹுவான் இக்னாசியோ மோலினா என்கிற சிலி நாட்டுப் பாதிரியார் 1782-ல் இதைப் பற்றி எழுதினபோது அணில் ஜாதியில்தான் சேர்த்தார். உண்மையில் இது சின்சில்லா, கினி பிக் ஆகியவற்றுக்கு உறவு. உடம்பு ஒரு சாண்கூட வராது. பழுப்பு ரோமம், பெரிய காது, வால் நுனியில் கறுப்பாக ஒரு குஞ்சம். வாயைத் திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் பல்! வெற்றிலை போட்ட மாதிரி. பயப்படாதீர்கள், அதுதான் ஆரோக்கியம். பல் வெளுத்தால்தான் உடம்பில் ஏதோ கோளாறு.

சொந்த ஊர் சிலி நாட்டின் நடுப்பகுதி. ஆண்டிஸ் மலைக்கு மேற்கே இருக்கிற வறண்ட புதர்க்காடு. அங்கே கூட்டுக் குடும்பமாக வளை தோண்டி வாழ்கிறது. தின்பது காய்ந்த புல், இலை, மரப்பட்டை, விதை. பஞ்ச காலத்தில் மாட்டுச் சாணத்தைக்கூடத் தின்னும். அப்படிப்பட்ட சிக்கனக் குடும்பம்! இனிப்பான பழம் என்பது அதன் பரம்பரைக்கே அதிகம் பழக்கமில்லாத சமாசாரம்.

இங்கேதான் சர்க்கரை வியாதி வருகிறது.

நம் உடம்பில் இருக்கிற இன்சுலினுக்கும் டெகுவின் இன்சுலினுக்கும் அமைப்பில் நிறைய வித்தியாசம். சர்க்கரை உள்ளே போனால் அதைச் சமாளிக்கிற சாமர்த்தியம் அதற்கு மிகவும் குறைவு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் முதலில் அடிபடுவது கண். கண் லென்ஸில் இருக்கிற ஒரு என்சைம், குளுக்கோஸை சார்பிடால் என்கிற வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. அந்த சார்பிடால் லென்ஸை விட்டுச் சுலபமாக வெளியே போகாது. உள்ளேயே உட்கார்ந்து தண்ணீரை இழுக்கும். லென்ஸ் ஊறி, மங்கி, வெள்ளையாகிவிடும். கண்புரை! சர்க்கரை நோயுள்ள மனிதர்களுக்கும் கண்புரை சீக்கிரம் வருகிறதே, அதற்கும் இந்த வேலை ஒரு காரணம். நமக்கு வருஷக்கணக்கில் நடப்பது, டெகுவுக்குச் சில வாரங்களில்கூட நடந்துவிடும். ஆராய்ச்சிக்கூடங்களில் சர்க்கரை நோயைப் பற்றிப் படிக்க இதை வளர்ப்பதும் இந்தக் காரணத்தினால்தான்.

எனக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேலாக ஷுகர். காலையில் மெட்பார்மின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை இல்லாத காபியை முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு, நேரே போய் லட்டுவுக்குத் திராட்சை ஊட்டுவேன். எனக்குக் கிடைக்காத சந்தோஷம் அதற்காவது கிடைக்கட்டுமே என்று! எப்படி இருக்கிறது பாருங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கினோம்

அந்த 2018-ல் நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்யாத தப்பு ஒன்றுமே பாக்கி இல்லை. அதனால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

பேரனுக்கு எட்டாவது பிறந்த நாள். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனார்கள். ஒரு ஜோடி டெகு, ஒரு பிளாஸ்டிக் கூண்டு, ஒரு தீவனப் பாக்கெட். அரை மணியில் வேலை முடிந்தது. இரண்டும் ஆண். ஒன்றுக்கு லட்டு, இன்னொன்றுக்கு ஜாங்கிரி என்று பெயர் வைத்தது நான்தான்! (எப்பேர்ப்பட்ட தீர்க்கதரிசி.)

மூன்றாம் நாள் காலை கூண்டு காலி. பிளாஸ்டிக் மூலையை ராத்திரியோடு ராத்திரியாகக் கொறித்து ஓட்டை போட்டிருந்தார்கள். ஒன்று சோபாவுக்குப் பின்னால் டி.வி. வயரைக் கடித்துக்கொண்டிருந்தது. நல்ல வேளை, ஸ்விட்ச் போடவில்லை. இன்னொன்று புத்தக அலமாரிக்கு அடியில். பார்ட்டிக்கு வந்து தங்கியிருந்த ஒரு வாண்டு, ஓடுகிற ஜாங்கிரியின் வாலைப் பிடித்து இழுத்தது. வாலின் தோல் மட்டும் உறை கழன்ற மாதிரி அதன் கையோடு வந்துவிட்டது! ரத்தம், அழுகை, கூச்சல். டெகுவின் வால் அப்படித்தான். எதிரி பிடித்தால் தோலைக் கொடுத்துவிட்டு ஓடிவிடும். ஆனால் பல்லி வால் மாதிரி மறுபடி வளராது. மிச்சம் இருந்த எலும்பைத் தானே கடித்துத் துப்பிவிட்டு, ஜாங்கிரி ஆயுள் முழுக்க மொட்டை வாலோடு திரிந்தது.

தீவனம் என்று வாங்கினோமே, அதில் தானியம், காய்ந்த பழத் துண்டு, வெல்லப்பாகு எல்லாம் கலந்து மிக்ஸர் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் பழத்தை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை உதறினார்கள். ‘நம்ம ஊர்ப் பிள்ளைங்க மாதிரியே இருக்கு’ என்று சிரித்தேன். அதற்கு மேல் என் திராட்சை வேறு. வாழைப்பழம் உரித்தால் ஒரு துண்டு. மாப்பிள்ளை ஒரு நாள், “அத்தை, பாக்கெட்ல இதெல்லாம் போடலையே, கொடுக்கலாமா?” என்று சந்தேகமாகக் கேட்டார். “வாயில்லா ஜீவன், அது என்ன கேட்கவா போறது? நாமளா பார்த்துக் கொடுக்கணும்” என்றேன். பாவம், அதற்கு மேல் அவர் பேசவில்லை. மாமியாரிடம் யார் வாதம் செய்வார்கள்?

நான்காவது மாசம், லட்டுவின் தண்ணீர் பாட்டில் சாயங்காலத்துக்குள் காலியாக ஆரம்பித்தது. படுக்கை எப்போதும் ஈரம். தாகம் அதிகம், மூத்திரம் அதிகம். இந்த இரண்டு அறிகுறியையும் நான் என் உடம்பிலேயே பார்த்தவள். என் டாக்டர் என்னிடம் முதன்முதலில் கேட்ட கேள்வியே அதுதான். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை. ‘ஹீட்டர் போட்டிருக்கில்லையா, அதான் தாகம்’ என்றேன்.

அப்புறம் கண்.

பக்கத்துத் தெருவில் இருந்த வெட்னரி டாக்டர், நாய், பூனைதான் பார்ப்பாராம். டெகு பார்க்கிறவர் ஒரு மணி நேரக் கார் பயணத்தில் இருந்தார். அவர் லட்டுவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மூத்திரத்தில் சர்க்கரை பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இது என்ன சாப்பிடுகிறது?”

என் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. “அம்மா...” என்றாள், அவ்வளவுதான்.

இன்சுலின் ஊசி போட்டு இந்தச் சின்ன உடம்பைச் சரி பண்ணுவது நடைமுறையில் ஆகிற காரியம் இல்லை, சாப்பாட்டைத் திருத்துவதுதான் வைத்தியம், போன பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடவே ஒரு யோசனை சொன்னார். “கூண்டுக்குள் எதையும் இடம் மாற்றாதீர்கள். அது மனப்பாடமாக நடந்துகொள்ளும்.” அப்படியே நடந்தது. லட்டு அடுத்த இரண்டரை வருஷம், ஜாங்கிரியின் முதுகை மூக்கால் தொட்டுக்கொண்டே தட்டுத் தட்டாக ஏறி இறங்கியது. போனில் வீடியோ காட்டுவார்கள். நான் பார்க்க மாட்டேன்.

முதல் வேலை, வீட்டுக்காரர்களைத் தயார் பண்ணுவது

லட்டு 2021-லும் ஜாங்கிரி 2023-லும் போய்ச் சேர்ந்தன. 2024-ல் பேத்தி ஆரம்பித்தாள். “எனக்கு டெகு வேணும்.” இந்தத் தடவை நான் போனில் தீர்ப்பு சொல்லவில்லை. நிபந்தனை போட்டேன். ‘ஒரு மாசம் வீட்டைத் தயார் பண்ணு, அப்புறம் பார்க்கலாம்.’

உங்கள் வீட்டிலும் கேட்டால் இதையே சொல்லுங்கள். முதல் வேலை கூண்டு இல்லை, கூட்டம். வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். பழம், உலர்ந்த பழம், பிஸ்கட், தேன், கேரட் எதையும் யாரும் கொடுக்கக் கூடாது. (ஆமாம், கேரட்டில்கூடச் சர்க்கரை இருக்கிறது.) கண்டபடி வேர்க்கடலை, சூரியகாந்தி விதை கொடுத்தால் கொழுப்பு ஏறும். எங்கள் வீட்டில் பேத்தி ஒரு அட்டையில் இதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கூண்டு மேல் ஒட்டிவிட்டாள். தமிழில் எழுதினது எனக்காக!

நம் வீடுகளில் இது ரொம்ப அவசியம். பிரியம் என்றாலே கையில் எதையாவது வைத்து வாயில் போடுகிற ஜாதி நாம். குழந்தை அழுதால் சாக்லெட். விருந்தாளி வந்தால் ஸ்வீட். நாய்க்கு மாரி பிஸ்கட். ‘ஒண்ணே ஒண்ணுதானே’ என்போம். அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு, பாட்டி ஒண்ணு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒண்ணு. இருநூறு கிராம் உடம்புக்கு அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது கிலோ மனுஷிக்கு ஒரு திராட்சை என்பது அதற்கு ஒரு திராட்சை இல்லை. கிட்டத்தட்ட முந்நூறு!

அப்படியானால் என்னதான் சாப்பாடு? காய்ந்த புல். நம்ம ஊர் வைக்கோல் இல்லை. டிமோத்தி என்று ஒரு புல், புல்வெளிகளில் அறுத்துக் காயவைத்த மற்ற புல் வகைகள், இவை எல்லாம் பையில் கிடைக்கும். இது கூண்டில் இருபத்துநாலு மணி நேரமும் இருக்க வேண்டும். ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிற பல்லை இந்தப் புல்தான் தேய்த்துச் சரியாக வைக்கிறது. குடலுக்கும் இதுதான் மருந்து. இது தவிர, டெகுவுக்கென்றே செய்த, வெல்லப்பாகு கலக்காத உருண்டைத் தீவனம் ஒரு நாளைக்கு ஒரு பிராணிக்கு ஏறக்குறைய 10 கிராம். கொஞ்சம் பச்சை இலை. சுத்தமான தண்ணீர். முடிந்தது. ‘இவ்வளவுதானா, பாவமா இருக்கே!’ என்று உங்களுக்குத் தோன்றும். அந்தத் தோன்றலைத்தான் முதலில் கூண்டில் போட்டுப் பூட்ட வேண்டும்.

இங்கிலாந்தில் 2006-ல் வந்த பிராணிகள் நலச் சட்டப்படி, பதினாறு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பிராணியை விற்கக் கூடாது. வளர்க்கிறவர்தான் அதற்கு ஏற்ற இடம், உணவு, இயல்பாக நடந்துகொள்ள வசதி, துணை, நோயிலிருந்து பாதுகாப்பு இவற்றைத் தர வேண்டும். தராவிட்டால் சட்டப்படி தப்பு. எனக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருக்கிறது. ‘குழந்தைக்குப் பொறுப்பு வரட்டும்னு வாங்கிக் கொடுத்தோம்’ என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொறுப்பு கற்றுக்கொடுக்க ரோஜாச் செடி இருக்கிறது. வாடினால் இன்னொன்று வைக்கலாம். டெகு ஐந்திலிருந்து எட்டு வருஷம் இருக்கும். எட்டு வயசில் ஆசைப்பட்ட குழந்தைக்குப் பதினைந்து வயசு ஆகி, பரீட்சை, சிநேகிதர்கள் என்று ஆனபிறகும் கூண்டு அங்கேயேதான் இருக்கும். அதைச் சுத்தம் செய்யப் போவது யார்? உங்கள் மகள், இல்லை மருமகள். அவளுக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள். சம்மதமில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கூண்டு, இடம், சூடு

கூண்டு முழுக்க உலோகமாக இருக்க வேண்டும். நீளம் ஒரு மீட்டர், உயரம் ஒரு மீட்டர், அகலம் அரை மீட்டருக்குக் குறைந்த எதையும் ஒரு ஜோடிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்னும் பெரிசாக இருந்தால் இன்னும் நல்லது. கம்பித் தரையில் நடந்து நடந்து உள்ளங்காலில் புண் வரும். அதனால் தரையும் தட்டுகளும் மூடினதாக இருக்கட்டும். கீழே தோண்டி விளையாட ஆழமாகப் படுக்கை. தோண்டாவிட்டால் இதுகளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி. ஓட ஒரு சக்கரம். அது ஏணி மாதிரி கம்பி வைத்ததாக இருந்தால் கால் மாட்டிக்கொள்ளும், ஓடுகிற பாதை மூடியிருக்க வேண்டும். குறுக்களவு ஒரு அடிக்குக் குறைந்தால் முதுகு வளையும். பிளாஸ்டிக் எதுவுமே வேண்டாம். கொறித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். கொறிக்க, மருந்து அடிக்காத ஆப்பிள் மரக் குச்சி கொடுக்கலாம். பழம் கூடாது, குச்சி கூடும்!

குளிப்பாட்டலாமா என்று கேட்காதீர்கள். தண்ணீரில் கிடையாது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒரு கிண்ணத்தில் சின்சில்லாக்களுக்கு விற்கிற நைஸான மணல் வைத்தால் போதும், புரண்டு புரண்டு தானே குளித்துக்கொள்ளும். பார்க்க அவ்வளவு அழகு.

கூண்டை எங்கே வைப்பது? டெகு பகலில் விழித்திருக்கிற பிராணி. மனுஷ நடமாட்டம் பிடிக்கும். அதனால் ஹால் மூலை நல்லது. ஆனால் ஜன்னல் வெயில் நேரே அடிக்கக் கூடாது. ஹீட்டர் பக்கத்திலும், குளிர்காற்று வீசுகிற கதவுப் பக்கத்திலும் கூடாது. 30 டிகிரிக்கு மேல் போனால் வெப்பத்தாக்கு வந்துவிடும். ‘இங்கிலாந்தில் ஏது சூடு?’ என்று நினைக்கலாம். 2022 ஜூலை 19-ம் தேதி லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி அடித்தது! மின்விசிறிகூட இல்லாத வீடுகள். என் பெண், ஜாங்கிரிக்குக் குளிர்ந்த தரைஓடு ஒன்றைக் கூண்டில் வைத்து, திரையை இழுத்து விட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

இதனால்தான் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘அழகா இருக்கே, நாமும் மெட்ராஸில் வளர்க்கலாமே’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வெளிநாட்டு உயிரினத்தைக் கொண்டுவர அரசாங்க அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். வருஷத்தில் பாதி நாள் 30 டிகிரிக்கு மேலேயே இருக்கிற ஊரில், கரண்ட் போனால் அந்தப் பிராணி கதி என்ன? அது அங்கேயே இருக்கட்டும்.

ஒன்று வாங்கக் கூடாது. இரண்டாவது வேண்டும். தனியாக விட்டால் ஏங்கிப் போய்விடும். ஒன்றை ஒன்று நீவிக்கொண்டு, குவியலாகத் தூங்கி, நாள் முழுக்கக் கீச் கீச்சென்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிற இனம் இது. கூடப் பிறந்தவையாக, ஒரே பாலாக இருந்தால் நல்லது. கடைக்காரர் சொன்னதை நம்பாமல் டாக்டரிடம் காட்டிப் பால் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாசத்தில் வீட்டில் வளைகாப்பு! கர்ப்ப காலம் ஏறக்குறைய 90 நாள். ஐந்தாறு குட்டிகள் கண் திறந்தே பிறந்து ஓட ஆரம்பித்துவிடும். முன்பின் தெரியாத இரண்டை ஒரே நாளில் ஒரே கூண்டில் போட்டால் ரத்தக் களரி. பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மணல் கிண்ணத்தை மாற்றி மாற்றி வைத்து, வாசனை பழகவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

டாக்டர் விஷயம் சொன்னேனே, மறந்துவிடாதீர்கள். பிராணி வருவதற்கு முன்னால், ‘நீங்கள் டெகு பார்ப்பீர்களா?’ என்று போன் போட்டுக் கேட்டு, ‘ஆமாம்’ என்கிற ஒருவரின் நம்பரை எழுதி வைத்த பிறகுதான் கூண்டே வாங்க வேண்டும்.

நம் மனுஷர்களுக்கு ஒன்றும் வராதா? வரலாம். படர்தாமரை தொற்றலாம். எச்சத்திலிருந்து வயிற்றுப்போக்குக் கிருமி வரலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கூண்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயசுக்குக் கீழே குழந்தை இருந்தால் கிட்டே விட வேண்டாம் என்பேன். அதற்கு வாலும் தெரியாது, கடியும் தெரியாது. முக்கியமாக ஆஸ்துமா. காய்ந்த புல் தூசியும் குளியல் மணலும் மூச்சு இழுப்பவர்களுக்கு ஆகவே ஆகாது. வாங்கிவிட்டு, ‘குழந்தைக்கு வீசிங் வருது, யாராவது எடுத்துக்கறீங்களா?’ என்று கேட்பதற்குப் பதில், ஏற்கெனவே டெகு வளர்க்கிற வீட்டுக்கு நாலைந்து தடவை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாமே!

டிசம்பர் லீவில் இந்தியா வருவார்களே, அந்த நாலு வாரம் யார் பார்த்துக்கொள்வார்கள்? நம் பிள்ளைகள் இதை யோசிப்பதே இல்லை. டிக்கெட் எடுத்த பிறகுதான் கூண்டு ஞாபகம் வரும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்தால் அவருக்கும் அந்த அட்டையைப் படிக்கக் கொடுங்கள். அவர் வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கலாம்!

எங்கே வாங்குவது? கடைக்குப் போவதற்கு முன்னால், கைவிடப்பட்ட பிராணிகளை வைத்திருக்கிற காப்பகங்களில் கேளுங்கள் என்பது என் கட்சி. பிறந்த நாளுக்கு வாங்கிச் சலித்துப் போனவர்கள் கொண்டுவந்து விட்டவை அங்கே ஜோடியாகவே காத்திருக்கும். ஏற்கெனவே சினேகமானவை. ஆணா பெண்ணா என்று பார்த்து வைத்திருப்பார்கள். உங்கள் கூண்டைப் பற்றியும் நாலு கேள்வி கேட்பார்கள். என் பெண்ணிடம் போட்டோவே கேட்டார்களாம். எனக்கு அதில் கோபம் வரவில்லை.

போன மே மாசம் மறுபடி லெஸ்டர் போனேன். ஹால் மூலையில் என் தோள் உயரத்துக்கு ஒரு கூண்டு. உள்ளே இரண்டு சகோதரிகள். இந்தத் தடவை பெயர் வைக்கிற அதிகாரம் எனக்குக் கிடைக்கவில்லை. பேத்தியே வைத்துவிட்டாள். பாகல், வேம்பு! யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

செருப்பைக் கழற்றுவதற்குள் என் ஹேண்ட் பேகை வாங்கிக்கொண்டாள். ‘பரவாயில்லையே, மரியாதை தெரிஞ்ச குழந்தை’ என்று நினைத்தேன். சோதனை போடுகிறாள்! மாத்திரை டப்பா, கண்ணாடி, விபூதிப் பொட்டலம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அடியில் இருந்த திராட்சைப் பாக்கெட்டை வெளியே எடுத்தாள்.

“இது என்ன பாட்டி?”

“பாயசத்துக்குடி கண்ணு, சத்தியமா” என்றேன்.

நம்பினாளோ என்னவோ, நாற்காலி போட்டு ஏறி, சமையலறை மேல் தட்டில் வைத்துவிட்டு வந்தாள். அப்புறம் புல் பையிலிருந்து நீளமாக ஒரு தண்டை உருவி என் கையில் கொடுத்தாள். கம்பிக்குள்ளே நீட்டினேன். வேம்பு வந்து, மோந்து பார்த்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து முறுக்கு மாதிரி கடித்துத் தின்றது.

“பாயசம் உனக்கும் கிடையாது பாட்டி, அம்மா சொல்லிட்டா” என்றாள் பேத்தி.